ஒரே சம்பளம், நாலு கணக்கு: இங்கிலாந்தில் நர்சரி உதவி யாருக்குக் கிடைக்கும்?

இங்கிலாந்தில் கைக்குழந்தையோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "நர்சரிக்கு அரசாங்கம் காசு தருதாமே, எவ்வளவு சம்பளம் வரைக்கும் தருவாங்க?" உடனே பதில்கள் வந்து விழும். ஒருவர் ஒரு லட்சம் பவுண்டு என்பார், இன்னொருவர் 15,400 என்பார், மூன்றாமவர் அப்படி வரம்பே கிடையாது, எனக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மாத உதவித்தொகை) வருகிறதே என்பார். வேடிக்கை என்னவென்றால் மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆளுக்கொரு திட்டத்தைச் சொல்கிறார்கள், கேட்டவருக்குத்தான் தலை சுற்றும்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் "எவ்வளவு" என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் யாருடைய வருமானம், எந்தக் காலத்து வருமானம், அதில் எதைச் சேர்க்கிறார்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு திட்டமும் வேறு பதில் வைத்திருக்கிறது. நான் சொல்வதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கு மட்டும்தான் பொருந்தும், பிரிட்டன் முழுவதற்கும் அல்ல. ஸ்காட்லாந்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண்டுக்கு 1,140 மணி நேரம் உண்டு, பெற்றோரின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. எல்லையைத் தாண்டித் தெற்கே வந்தால்தான் இந்தக் கணக்கு வழக்கெல்லாம்.

கதை சுருக்கமாக இது. 1998ல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இலவச முன்பள்ளி நேரம் ஆரம்பித்தது, 2004ல் மூன்று வயதுக்கும் வந்தது, 2010ல் வாரத்துக்கு 15 மணி நேரம் ஆனது. அதுவரை பெற்றோர் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பது பேச்சிலேயே இல்லை, இன்றைக்கும் அந்த 15 மணி நேரம் மூன்று, நான்கு வயதில் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, விசா எதுவாக இருந்தாலும். 2017 செப்டம்பரில்தான் "வேலை பார்க்கும் பெற்றோருக்கு" என்று சொல்லி இன்னொரு 15ஐச் சேர்த்து 30 ஆக்கினார்கள். அந்த "வேலை பார்க்கும்" என்ற சொல்லோடுதான் மூன்று, நான்கு வயதுக்கான நேரத்துக்குள் வருமான விதி நுழைந்தது. 2023 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் இதை ஒன்பது மாதக் குழந்தை வரைக்கும் கீழே இறக்குவதாக அறிவித்தார். 2024 ஏப்ரலில் இரண்டு வயதுக்கு 15 மணி, அந்த செப்டம்பரில் ஒன்பது மாதத்துக்கு 15 மணி, 2025 செப்டம்பரில் இவர்கள் எல்லோருக்கும் 30 மணி என்று மூன்று கட்டமாக நடந்தது. நடுவில் ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை.

30 மணி நேரம் என்றால் பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கு. ஆண்டு முழுவதும் பரப்பிப் போட்டால் வாரத்துக்கு சுமார் 22 மணிதான் வரும். சாப்பாடு, நாப்கின் போன்றவற்றுக்கு நர்சரி தனியாகக் காசு கேட்கலாம். "இலவசம்" என்ற வார்த்தையை நம்பிப் போய் முதல் மாத பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறைய.

சரி, கீழ் வரம்புக்கு வருவோம். இந்த 30 மணி நேரத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சம்பாதித்தாக வேண்டும் என்று ஒரு கோடு இருக்கிறது, வீட்டில் இரண்டு பெற்றோர் என்றால் இருவரும் தனித்தனியாக அதைத் தாண்ட வேண்டும். கோடு எங்கே என்றால், குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்தால் என்ன வருமோ அது. 2025 ஏப்ரலில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது, பதினாறால் பெருக்கினால் வாரத்துக்கு 195.36, மூன்று மாதத்துக்கு சுமார் 2,539. 2026 ஏப்ரலிலிருந்து ஊதியம் 12.71 என்பதால் கோடும் கூடவே ஏறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் கேட்பது போன மாதம் என்ன வாங்கினாய் என்று அல்ல, வருகிற மூன்று மாதத்தில் என்ன வாங்குவாய் என்று எதிர்பார்க்கிறாய் என்பதைத்தான். புது வேலையின் கடிதம் கையில் இருந்தால் முதல் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதேபோல் 16 மணி நேரம் வேலை செய்தேனா என்பதும் கேள்வி இல்லை, காசு வந்ததா என்பதுதான் கேள்வி. மணிக்கு 26 பவுண்டு வாங்கும் ஒருவர் வாரத்துக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்தாலே போதும். சூப்பர்மார்க்கெட்டில் குறைந்தபட்ச ஊதியத்தில் 15 மணி நேரம் நிற்கிற அம்மாவுக்குப் போதாது. அப்புறம், சம்பளச் சீட்டில் வராத கைக்காசு சம்பளம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. கணவன் கடையில் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து வாரம் 50 மணி நேரம் உழைக்கிற மனைவிக்கு, அவர் பெயரில் சம்பளம் எழுதாமல் விட்டால், இந்த விதியின் கண்ணில் அவர் வேலை இல்லாதவர்.

கடை, பெட்ரோல் ஸ்டேஷன், சின்ன கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு பொறி. லிமிடெட் கம்பெனி டைரக்டர்களுக்கு அக்கவுண்டன்ட்கள் வழக்கமாகச் சொல்கிற யோசனை என்ன? சம்பளத்தைக் குறைவாக எழுது, மீதியை டிவிடெண்டாக எடு, வரி குறையும். யோசனை சரியானதுதான், ஆனால் இந்தக் கீழ் வரம்பைக் கணக்குப் போடும்போது டிவிடெண்ட் சேராது, வங்கி வட்டி சேராது, வாடகை வருமானமும் சேராது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்தக் கோடு 2025–26ல் சுமார் 10,158 பவுண்டு. 12,570 சம்பளம் எழுதிய டைரக்டர் தாண்டிவிடுவார், 9,100 எழுதியவர் 40,000 டிவிடெண்ட் எடுத்தாலும் கோட்டுக்குக் கீழேதான். சுயதொழில் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்களுக்கு மட்டும் கீழ் வரம்பு கிடையாது, அது ஒரு நல்ல சலுகை.

இப்போது மேல் வரம்பு. இங்கேதான் ஒரு லட்சம் வருகிறது. பெற்றோரில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இந்த வரி ஆண்டில் 1,00,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பார் என்று எதிர்பார்த்தால் குடும்பத்துக்கே 30 மணி நேரம் கிடையாது. மூன்று வயதுக்குப் பிறகு எல்லோருக்கும் உள்ள 15 மட்டும் மிஞ்சும், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. குடும்பத்தின் மொத்த வருமானத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஆளுக்கு 99,000 வாங்கும் தம்பதிக்கு, வீட்டுக்குள் 1,98,000 வந்தாலும், முழு உதவியும் உண்டு. 1,01,000 வாங்கும் ஒற்றைத் தாய்க்கு இல்லை. இதை முதல் தடவை கேட்பவர்கள் நான் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னும் ஒரு வினோதம். கீழ் வரம்பில் சேராத டிவிடெண்ட், வட்டி, வாடகை எல்லாம் மேல் வரம்பில் சேரும்! ஒரே விண்ணப்பம், ஒரே ஆள், கீழே அளக்க ஒரு முழக்கோல், மேலே அளக்க வேறு முழக்கோல். மேலே பயன்படுவது வரித்துறையான எச்எம்ஆர்சி அட்ஜஸ்டட் நெட் இன்கம் என்று அழைக்கும் தொகை: வரிக்கு உட்பட்ட எல்லா வருமானத்தையும் கூட்டி, அதிலிருந்து பென்ஷனுக்குக் கட்டியதையும் கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகை முறையில் கொடுத்த நன்கொடையையும் கழித்தால் மிஞ்சுவது. நம்மவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிரிட்டனில் வரி வதிவாளராக இருந்தால் பொதுவாக உலகம் முழுவதிலும் வருகிற வருமானம் இங்கே வரிக் கணக்கில் வரும், ஆகவே சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், இந்திய வங்கியில் போட்டு வைத்த ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி எல்லாமே இதற்குள் அடக்கம். வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் அங்கே வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதையே பலர் மறந்துவிடுவார்கள். இங்கே அது வருமானம்தான். சம்பளம் 98,500, சென்னை ஃபிளாட் வாடகை 2,000 என்றால் கோட்டைத் தாண்டியாயிற்று.

கோட்டைத் தாண்டினால் எவ்வளவு இழப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 7 பவுண்டு நர்சரி கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 1,140 மணி நேரத்துக்கு 7,980, மூன்று வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளை என்றால் 15,960. நர்சரி பில்லில் அரசு ஒரு பங்கு போடும் டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் என்ற இன்னொரு உதவியும் இதே கோட்டில் நின்றுபோகும், அதை முழுதாக எடுத்துக்கொண்டிருந்தவர் என்றால் பிள்ளைக்கு 2,000 வீதம் அதில் ஒரு 4,000. ஆக கிட்டத்தட்ட 20,000 பவுண்டு, அதுவும் வரி கட்டிய பிறகு கையில் இருக்கும் காசில். மறுபக்கம், ஒரு லட்சத்துக்கு மேலே ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் ஒரு பவுண்டு வரிவிலக்கு தேய்ந்துபோவதால் 1,25,140 வரைக்கும் வரியும் என்ஐயும் (நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம்) சேர்ந்து நூற்றுக்கு 62 போய்விடும். 10,000 சம்பள உயர்வு கிடைத்தால் கைக்கு வருவது 3,800. 3,800 வாங்கி 20,000 இழப்பவர் திரும்பப் பழைய நிலைக்கு வர, என் கணக்குப்படி சம்பளம் சுமார் 1,45,000 ஆக வேண்டும். நடுவில் உள்ள 45,000 பவுண்டு தூரம் முழுவதும் கூடுதலாகச் சம்பாதித்து ஏழையாவது.

அதனால்தான் ஐடி வேலையில் இருப்பவர்கள் போனஸ் வருகிற மார்ச் மாதத்தில் பென்ஷன், பென்ஷன் என்று பேசுகிறார்கள். 1,10,000 வாங்கும் ஒருவர் பத்தாயிரத்தைப் பென்ஷனுக்குத் தள்ளிவிட்டால் அவர் வருமானம் விதியின் பார்வையில் ஒரு லட்சம், கோட்டைத் தாண்டவில்லை. ஒரு லட்சம் சரியாக இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால்தான் பிரச்சினை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் பென்ஷனில் பூட்டி வைக்கிற அளவுக்கு மாதச் செலவில் மிச்சம் உள்ளவருக்குத்தான் இந்தக் கதவு திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024ல் ஹன்ட் தன் தொகுதியில் வீட்டுக் கடன் உள்ளவருக்கு ஒரு லட்சம் பெரிய சம்பளம் இல்லை என்று எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு லட்சம் பெரிய சம்பளம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பவுண்டு கூடினால் இருபதாயிரம் போகிற மாதிரி விதி எழுதுவது எந்தச் சம்பளத்தில் நடந்தாலும் மோசமான வேலை.

இந்த எண்கள் எப்படி வந்தன? டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரை முதலில் திட்டமிட்டபோது மேல் வரம்பு ஒன்றரை லட்சம், கீழ் வரம்பு வாரம் 8 மணி நேரத்துக்கான ஊதியம். 2015 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் செலவைச் சுருக்கும்போது மேலே இருந்ததை ஒரு லட்சமாக இறக்கி, கீழே இருந்ததை 16 மணி நேரமாக ஏற்றினார். இரண்டு பக்கமும் நறுக்கியது அந்த ஒரே அறிவிப்புதான். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம்: 2017ல் குறைந்தபட்ச ஊதியம் 7.50 பவுண்டு, கீழ் வரம்பு வாரத்துக்கு 120. இன்றைக்கு அது 195ஐத் தாண்டிவிட்டது. மேல் வரம்பு மட்டும் அன்றிலிருந்து ஒரு பென்னிகூட நகரவில்லை. அறையின் தரை ஏறிக்கொண்டே இருக்கிறது, கூரை அங்கேயே நிற்கிறது.

டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர்தான் பெரிசு. ஒரு ஆன்லைன் கணக்கில் நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 போடும், பிள்ளைக்கு மூன்று மாதத்தில் 500 வரைக்கும், ஆண்டுக்கு 2,000. மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் 4,000. வருமான விதிகள் 30 மணி நேரத்துக்குள்ள அதே விதிகள், விண்ணப்பமும் ஒன்றே. 30 மணி நேரம் போக மீதி பில்லுக்கு இதைப் பயன்படுத்தலாம், பள்ளிக்குப் போகிற பிள்ளையின் விடுமுறை கிளப்புக்கும் பயன்படுத்தலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

யூனிவர்சல் கிரெடிட் வேறு உலகம். அதில் இவ்வளவுக்கு மேல் சம்பாதித்தால் இல்லை என்று ஒற்றைக் கோடு கிடையாது. நர்சரி பில்லில் 85 சதவீதத்தை உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் சேர்ப்பார்கள், 2025–26ல் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 வரைக்கும், இரண்டு அல்லது அதற்கு மேல் 1,768.94 வரைக்கும் என்று இருந்தது. பிறகு நீங்களும் துணைவரும் சேர்ந்து சம்பாதிப்பதில் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்னி வீதம் கழிப்பார்கள். கழித்துக் கழித்துப் பூஜ்யம் ஆகும் இடம்தான் உங்கள் வரம்பு, அது வாடகை, பிள்ளைகளின் எண்ணிக்கை, நர்சரி பில் மூன்றையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். இங்கே தனித்தனி ஆள் இல்லை, தம்பதியின் கூட்டு வருமானம். குறைந்தபட்ச மணி நேரமும் இல்லை, இருவரும் ஏதோ ஒரு வேலையில் இருந்தால் போதும். ஆனால் கையிருப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வீடு வாங்க முன்பணம் சேர்த்து வைத்திருக்கிற குடும்பம் இதில் மாட்டும்.

முக்கியமான எச்சரிக்கை: யூனிவர்சல் கிரெடிட்டும் டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரும் ஒன்றாக ஓடாது, ஏதாவது ஒன்றுதான். 30 மணி நேரத்தை இரண்டோடும் சேர்த்துக்கொள்ளலாம். 85 சதவீதம் 20 சதவீதத்தைவிடப் பெரிசு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள், 55 பென்னி கழிவு எவ்வளவு தின்கிறது என்று பார்த்த பிறகே முடிவு.

அப்புறம் காலம். 30 மணி நேரத்துக்கு வருகிற மூன்று மாதத்தையும் வரி ஆண்டையும் பார்க்கிறார்கள் என்றால், யூனிவர்சல் கிரெடிட் பார்ப்பது அந்த ஒரு மாதத்தை மட்டும். நாலு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஆண்டில் 13 சம்பளம், மாதம் 12தான், ஆகவே ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் வந்து விழும், கணினி அதைப் பார்த்து நீ பணக்காரன் ஆகிவிட்டாய் என்று அந்த மாத உதவியை வெட்டிவிடும். மாதச் சம்பளக்காரர்களுக்கும் சம்பள நாள் சனி, ஞாயிறில் வந்து முன்கூட்டியே பணம் ஏறினால் இதே கதி வந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தாய்மார்கள் நான்கு பேர் வழக்குப் போட்டு, 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது அறிவுக்குப் பொருந்தாத முறை என்று சொன்ன பிறகுதான் அந்த மாதச் சம்பளச் சிக்கலைச் சரி செய்தார்கள்.

இரண்டு வயதுக்கு மட்டும் உள்ள இன்னொரு திட்டம் 2013ல் தொடங்கியது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 15 மணி நேரம். இதற்குப் பெற்றோர் வேலை பார்க்க வேண்டியதில்லை. யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்துகொண்டு, வரி போக வீட்டின் உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 15,400க்குள் இருக்க வேண்டும், அரசு உதவித்தொகைகளை இதில் சேர்க்க மாட்டார்கள். விசாவில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" (பொது நிதியிலிருந்து உதவி பெற உரிமை இல்லை) என்று உள்ளவர்கள் தங்களுக்கு எதுவுமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேருக்கும் 30 மணி நேரத்துக்கும் அது உண்மைதான், விண்ணப்பிப்பவருக்குப் பொது நிதி உரிமை வேண்டும், அதனால் தம்பதியில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர் பெயரில் போடுவது வழக்கம். ஆனால் இந்த இரண்டு வயதுத் திட்டத்தில் அவர்களுக்கென்றே தனி வரம்பு இருக்கிறது: ஒரு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு லண்டனில் 34,500, லண்டனுக்கு வெளியே 26,500, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 38,600, 30,600. சேமிப்பு 16,000க்குள். விண்ணப்பம் உள்ளூர் கவுன்சிலுக்கு. கேர் ஹோம்களில் வேலை பார்க்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இது பொருந்தும், கேட்காததால் விட்டுப்போகிறது.

குடும்பம் என்றால் யார் என்பதிலும் நம் நினைப்பும் அவர்கள் நினைப்பும் ஒத்துப்போகாது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற எல்லோரும் நமக்குக் குடும்பம். இங்கே பிள்ளையின் பெற்றோர், கூட வாழும் துணைவர், அவ்வளவுதான். அதே வீட்டில் இருக்கும் அம்மம்மாவின் பென்ஷனும் சித்தப்பாவின் சம்பளமும் கணக்கில் இல்லை. பிரிந்துபோய் வேறு ஊரில் இருக்கும் அப்பா இரண்டு லட்சம் வாங்கினாலும் கணக்கில் இல்லை. ஆனால் அம்மாவோடு புதிதாகக் குடிவந்த துணைவர், பிள்ளைக்கு அவர் அப்பா இல்லை என்றாலும், உள்ளே வந்துவிடுவார். படித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் வேலை பார்ப்பவராக எண்ணப்படுவதில்லை, முழுநேரப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தனி உதவித் தொகை இருக்கிறது.

தேதியைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆன அன்றே 30 மணி நேரம் ஆரம்பிக்காது, அதற்கு அடுத்த பருவத்தில்தான். பருவம் தொடங்குவது செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல். நவம்பர் 30ல் பிறந்த குழந்தைக்கு ஆகஸ்ட் 30ல் ஒன்பது மாதம், செப்டம்பரிலேயே இடம். டிசம்பர் 2ல் பிறந்த குழந்தை ஜனவரி வரை காத்திருக்க வேண்டும், இரண்டு நாள் வித்தியாசத்துக்கு நாலு மாத நர்சரி பில். விண்ணப்பித்தால் நர்சரியில் காட்டுவதற்குக் கிடைக்கும் பதினொரு இலக்கக் குறியீட்டை ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31 ஆகிய தேதிகளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வேலை போனாலும் உடனே பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டார்கள், சலுகைக் காலம் என்று கொஞ்ச நாள் உண்டு. ஒரு லட்ச விஷயத்திலும் உறுதி செய்கிற அன்று நீங்கள் நியாயமாக எதிர்பார்த்தது என்ன என்பதுதான் கேள்வி.

கடைசியாக, இதையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது என் கண்ணில் உறுத்துகிற ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு கிடங்கில் முழுநேர வேலை, குறைந்தபட்ச ஊதியம், வாரம் 37.5 மணி. அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறார், வேலை தேட வேண்டும் என்றால் முதலில் பிள்ளையை எங்காவது விட வேண்டும். இருவரும் பிரிட்டன் குடிமக்கள், யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறார்கள். அம்மாவுக்கு வேலை இல்லாததால் 30 மணி நேரம் கிடையாது, டேக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கிடையாது, யூனிவர்சல் கிரெடிட்டின் 85 சதவீதமும் பொதுவாகக் கிடையாது. சரி, குறைந்த வருமானத்துக்கான அந்த இரண்டு வயது 15 மணி நேரமாவது? அப்பாவின் சம்பளம் 2025–26ல் ஆண்டுக்கு சுமார் 23,800, வரியும் என்ஐயும் போக 20,600 சொச்சம். வரம்பு 15,400. இல்லை.

அந்த 15,400ஐ 2018ல் வைத்தார்கள். அன்றைக்குக் குறைந்தபட்ச ஊதியம் 7.83, இதே அப்பா இதே மணி நேரம் வேலை பார்த்திருந்தால் கைக்கு 14,000க்கும் குறைவாக வந்திருக்கும், பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கும். ஊதியம் ஏறிக்கொண்டே போனது, எண் அப்படியே நின்றது, குடும்பம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. கல்வியில் சம வாய்ப்புக்காக இயங்கும் சட்டன் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இந்த 30 மணி நேரத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைத் தவிர்த்துவிட்டுப் போகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஈஸ்ட் ஹாம் பிள்ளைக்கு முதல் இலவச மணி நேரம் கிடைப்பது மூன்று வயது முடிந்து அடுத்த பருவத்தில், அதுவும் 15. ஆளுக்கு 99,000 வாங்கும் பெற்றோரின் பிள்ளை அதற்குள் இரண்டு ஆண்டுக்கு மேலாக வாரம் 30 மணி நேரம் நர்சரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.